இருந்த ஒரே நாள்

அந்தப் பையைக் கொஞ்சம் காலடிக்குத் தள்ளிக்கொள்ளுங்கள் அக்கா, என் முழங்காலில் இடிக்கிறது. ஜன்னல் ஓரத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். முகத்தில் காற்று படாவிட்டால் எனக்கு வாந்தி வந்துவிடும். பஸ் ஒத்துக்கொள்ளாததால் இல்லை. பாபநாசம் மலை வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தவள் நான், ஒரு ஏலக்காய்கூட வாயில் போட்டதில்லை. இது பயம்.

நீங்கள் எதுவரைக்கும்? அம்பையா? நல்லது. நான் நொச்சிக்குளம் விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இறங்கிவிடுவேன். அதற்கப்புறம் நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார். பக்கத்துத் தெருவில் ஃபியூஸ் போனால்கூட ராத்திரி சாப்பாடு இறங்காத மனிதர். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாம்தான். ஆனால் பாவம் என்று ஒன்று செய்திருந்தால்தானே சொல்வதற்கு? நான் ஒன்றுமே செய்யவில்லை அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுமே செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இந்தப் பாடு.

உங்கள் ஊரில் மருந்துக் கடை இருக்கிறதல்லவா? உள்ளே சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சர்டிபிகேட் மாட்டியிருப்பார்கள், மூலையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டியிருக்கும். பார்த்திருக்கிறீர்களா? அந்த முகத்தை அந்தக் கடையில் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? யோசியுங்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த முகம் வேறு எங்கேயாவது ஒரு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்.

நொச்சிக்குளத்துக் கடையில் மாட்டியிருக்கிற முகம் என்னுடையது. ஜெசிந்தா. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ, ஒல்லியாக இருப்பேன்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். பிறகு டிப்ளமோ ஃபார்மசி. படித்து முடித்த கையோடு கல்யாணம். சர்டிபிகேட் பீரோவில் பட்டுச் சேலைக்குக் கீழே பாச்சை உருண்டையோடு கிடந்தது. அப்போதுதான் டென்சிங் வந்தான். டென்சிங் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். கையில் ஒரு கிலோ அல்வா, முகத்தில் அதைவிட இனிப்பு.

“மதினி, மெடிக்கல் ஷாப் ஒண்ணு போடப் போறேன். ஃபார்மசிஸ்ட் இல்லாம லைசென்ஸ் தர மாட்டாங்க. உங்க சர்டிபிகேட் பீரோவுல சும்மாதான கெடக்கு? என் கடைச் சுவத்துல மாட்டிக்கிடுதேன்.”

“நான் வந்து நிக்கணுமா?”

“நீங்க எதுக்கு மதினி நிக்கணும்? உங்க பேரு நிக்கும்.”

எல்லோரும் செய்கிறார்கள் அக்கா. என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டில் இருந்துகொண்டே ‘வேலை’ பார்க்கிறார்கள். மாதம் பிறந்தால் ஒரு தொகை பேங்க்கில் விழும். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அதில் வாங்கியதுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்கூடக் கொடுத்தான். முழுநேர மருந்தாளுநர், கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை, எல்லா மருந்தும் என் நேரடி மேற்பார்வையில் என்று இங்கிலீஷில். அந்த இங்கிலீஷைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நானே சிவப்பு மையில் திருத்திக் கொடுத்து, மறுபடி டைப் அடித்துக்கொண்டு வரச் சொன்னேன். பிழையோடு ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சிஸ்டர் பெனடிக்டா எங்களை அப்படி வளர்க்கவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? கடையில் மருந்து யார் கொடுப்பார்கள் என்றா? அதற்கு ஒருத்தி இருக்கிறாள். கோமு. அந்த ஊர்க்காரிதான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், மாமியாரைத் தன்கூடவே வைத்துக்கொண்டிருக்கிறாள். மருந்து கொடுக்கிற படிப்பு அவளுக்குக் கிடையாது என்பதால் அவளுடைய ஆர்டரில் துப்புரவுப் பணியாளர் என்று போட்டிருக்கிறான் டென்சிங். காகிதத்தைப் பார்த்தால் நான் மருந்து கொடுக்கிறேன், கோமு கூட்டிப் பெருக்குகிறாள், டென்சிங் முதலாளி. நிஜத்தில் கோமு மருந்து கொடுக்கிறாள், காலையில் சீக்கிரம் வருகிறவன் டென்சிங்தான் என்பதால் அவன் கூட்டிப் பெருக்குகிறான், நான் பாளையங்கோட்டையில் மீன் கழுவுகிறேன். சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் இதைச் சொல்லிச் சிரித்தவள்தான். கிட்டி பார்ட்டியில் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பேட்டை தாண்டிவிட்டதா? இந்த டிரைவருக்கு என்ன இவ்வளவு அவசரம்? மெதுவாகப் போனால் என்ன.

அந்த நாளைச் சொல்கிறேன். மருந்துக் கடைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் சுற்றுகிறார் என்று டென்சிங் போன் பண்ணினான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு போன் வந்தது அதுதான் முதல் தடவை. மற்ற நேரமெல்லாம் எப்படிச் சமாளித்தானோ, நான் கேட்டதில்லை. “மதினி, இந்தத் தடவை புது ஆபீசர். ஒரு நாள் வந்து சேர்ல உக்காந்துட்டுப் போயிருங்க.” போனேன். வெள்ளைக் கோட்டு ஒன்று வைத்திருந்தான், காலேஜ் பிள்ளைகள் போடுகிற மாதிரி. போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு எதிரிலேயே சுவரில் நான், ஒல்லியாக.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. காலை போனது, மதியம் வந்தது. எனக்குச் சும்மா உட்கார வராது அக்கா. வீட்டிலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் மெத்தை உறையைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிடுவேன். கடை இருந்த லட்சணத்தைப் பார்த்தேன். இருமல் மருந்துக்குப் பக்கத்தில் பல்பொடி. காலாவதியானதையும் ஆகாததையும் ஒரே தட்டில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு அடுக்கினேன். கோமு கூடவே வந்து, “ஆமா மேடம், சரி மேடம்” என்று துடைத்துக் கொடுத்தாள். நல்ல குணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுவாள். வெட்டி, சின்னச் சின்னக் காகிதக் கவரில் போட்டு, கவர்மேல் ஸ்கெட்ச் பேனாவால் சூரியன், நிலா என்று படம் போட்டுக் கொடுப்பாள். எனக்கு வந்ததே கோபம்.

“என்ன இது, பாலர் பள்ளியா? அட்டையை வெட்டக் கூடாது கோமு. வெட்டினா மருந்துப் பேரு ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் போயிரும். சட்டப்படி குத்தம். இன்ஸ்பெக்டர் பாத்தா முதல்ல இதைத்தான் புடிப்பார்.”

“இங்க வாரவங்க படிக்க மாட்டாங்கல்லா மேடம். பீடி சுத்துறவங்க. இப்படிக் குடுத்தா மறக்காமப் போட்டுக்கிடுவாங்க.”

“நீ சொல்லிக் குடு, போட்டுக்கிடுவாங்க. இனிமே வெட்டாத.”

நான் சொன்னது சரியா தப்பா? சரிதான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எந்த இன்ஸ்பெக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோமு சாப்பிடப் போனாள். டென்சிங் பேங்க்குக்குப் போயிருந்தான். கடையில் நான் மட்டும். அப்போதுதான் அந்த அம்மா வந்தாள். ஆவுடையம்மாள். அறுபது வயது இருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றாள், கோயிலுக்கு வருகிற மாதிரி.

“கோமு இல்லியா?”

“நான் இருக்கேன். என்ன வேணும்?”

என் கோட்டைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டாள். “டாக்டரம்மா வந்திருக்கியளா! நல்லதாப் போச்சு தாயி. என் நாலு கவர் வேணும். விரலைப் பாருங்க, மடங்கவே மாட்டேங்கு. இலையப் புடிச்சா நழுவுது. ஒரு கட்டு பீடி சுத்துறதுக்குள்ள உசுரு போயிருது.”

“நாலு கவர்னு ஒரு மருந்து கிடையாது. சீட்டைக் குடுங்க.”

சீட்டைப் பார்த்தேன். மூட்டுவாதத்துக்கான மாத்திரை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள் அக்கா. அந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு தடவைதான் போட வேண்டும். வாரம் ஒன்று போட்டால் மருந்து. தினம் போட்டால் விஷம். வாயெல்லாம் புண்ணாகிவிடும், ரத்தம் வற்றிப்போகும். எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். டாக்டரும் வாரம் ஒன்று என்றுதான் எழுதியிருந்தார். அந்த அம்மா சொன்ன நாலு கவர் என்பது மாதத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை. கோமு நாலு மாத்திரையை வெட்டி நாலு கவரில் போட்டுக் கொடுப்பாள். இவள் ஞாயிறு காலையில் ஒரு கவரைக் கிழிப்பாள். அவ்வளவுதான் இவளுக்குத் தெரிந்த கணக்கு.

நான் அட்டையை வெட்டவில்லை. சற்று முன்னால்தானே கோமுவை அவ்வளவு பேசியிருந்தேன்? முழு அட்டையாகக் கொடுத்தேன். பெரிய கவரில் போட்டு, கவர்மேல் வாரம் ஒரு மாத்திரை என்று இங்கிலீஷில், சேர்த்தெழுத்தில், கோடு போட்ட மாதிரி நேராக எழுதினேன். என் கையெழுத்துக்கு ஸ்கூலில் பரிசு வாங்கியிருக்கிறேன். டாக்டர் கிறுக்கலெல்லாம் என்னிடம் கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும்.

வாயாலும் சொன்னேனா என்று கேட்கிறீர்கள்.

சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள், ஒருத்தன் ஊறுகாய் பாக்கெட் இருக்கிறதா என்று மருந்துக் கடையில் வந்து கேட்கிறான், அவனை ஒரு பிடி பிடித்தேன். அதற்குள் இவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ராத்திரியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். என் வாய் அசைகிறது. என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது எனக்கு இருந்த சந்தோஷம்! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வேலை பார்த்திருக்கிறேன். “என்ன டாக்டரம்மா, காப்பி கிடைக்குமா?” என்று எங்கள் வீட்டுக்காரர்கூடக் கேலி பண்ணினார். நீங்களே போட்டுக்குடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஆவுடையம்மாள் தினம் ஒன்று போட்டிருக்கிறாள். பெரிய டாக்டரம்மா வந்திருக்கிறாள், விரலைக் காட்டினோம், பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாளாம். அட்டையாகக் கொடுத்தால் தினம் போடுவதுதானே அந்த ஊர் வழக்கம். அட்டை தீரும்வரை போட்டிருக்கிறாள். அப்புறம் ஆஸ்பத்திரி. அம்பையில் பார்த்துவிட்டு, முடியாது என்று பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள்.

டென்சிங் போன் பண்ணிச் சொன்னதிலிருந்து நான் நானாக இல்லை அக்கா. கேஸ் சிலிண்டர்காரன் கேட்டைத் தட்டினான், நான் போய்ப் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். டி.வி. சீரியலில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டுக் கையிலிருந்த மாவுச் சல்லடை கீழே விழுந்தது. ஊரில் அந்தக் கடையில் மருந்து வாங்கின வீடு ஒவ்வொன்றிலும் பில் இருக்கும், ஒவ்வொரு பில்லிலும் கீழே என் பெயர் இருக்கும். என்னைப் பார்க்காதவர்கள் வீட்டிலெல்லாம் என் பெயர் இருக்கிறது.

பத்தமடையா இது? சரி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. பார்த்துவிட்டால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு மாறியிருந்தாள். உதடெல்லாம் வெடித்து, வாயைச் சுற்றிப் புண், பேச முடியாது, எச்சில்கூட விழுங்க முடியாது. மகள் பஞ்சை இளநீரில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் வெள்ளைச் சேலையையும் கழுத்தில் கிடந்த சிலுவையையும் பார்த்து அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

“சிஸ்டர், ஜெபம் பண்ண வந்தியளா? எங்கம்மாவுக்கும் பண்ணுங்க சிஸ்டர். நாங்க இந்துதான், பரவால்லியா?”

நான் என்ன செய்ய? இல்லை, நான் யார் தெரியுமா என்றா சொல்ல முடியும்? அந்த அம்மா நெற்றியில் கையை வைத்தேன். அடுப்பு மாதிரி சுட்டது. ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தேன். கட்டிலில் கண் திறந்தது. என்னைப் பார்த்தது. மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. கையைத் தூக்கினாள், அந்த மடங்காத விரலோடு. கும்பிடவா, காட்டிக்கொடுக்கவா, தெரியவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் பாதி ஜெபத்திலேயே ஆமென் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஹார்லிக்ஸைக் கொடுத்தேனா, கீழே வைத்தேனா, அதுவும் நினைவில்லை.

அதற்கப்புறம் எனக்கு முழுதாக ஒரு ஜெபம் வருவதில்லை அக்கா. ஜெபமாலையை எடுக்கிறேன். அந்த அம்மா பிழைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். சத்தியமாக அப்படித்தான். நடுவில் நின்றுவிடுகிறது. பிழைத்தால் பேசுவாளே என்று ஒரு நினைப்பு வருகிறது. அதற்கு மேல் மணி நகர மாட்டேன் என்கிறது. நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நினைப்பு வந்தது என்றுதான் சொன்னேன். நான் கூப்பிட்டா வந்தது?

டென்சிங்தான் ஒரு வழி சொன்னான். நேற்று.

“மதினி, நாளைக்கு ஆபீசர் விசாரணைக்கு வாரார். பயப்படாதீங்க. ஒரே ஒரு லீவ் லெட்டர் போதும். அன்னைக்கு நீங்க லீவு.”

“என்னடே சொல்லுத? நான் அந்த ஒரு நாள்தான வந்தேன்?”

“அதான் மதினி. மத்த நாளெல்லாம் நீங்க இருந்தீங்க. அன்னைக்கு மட்டும் இல்ல.”

அவன் சொல்லும்போது சரியாகத்தான் பட்டது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனதும்தான் உறைத்தது. நான் எட்டிப் பார்க்காத நாளிலெல்லாம் கடையில் இருந்திருக்கிறேன். இருந்த ஒரே நாளில் லீவு. மறுபடியும் கூப்பிட்டேன்.

“அப்போ அன்னைக்கு மருந்து யாரு குடுத்ததுன்னு கேப்பாங்களே?”

“கோமு.”

“அவ சாப்பிடப் போயிருந்தா.”

“அது உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்? பெருக்குற வேலைக்கு வச்சவ, ஃபார்மசிஸ்ட் இல்லாத நேரம் பாத்து மருந்தை எடுத்துக் குடுத்துட்டா. நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் மதினி. வக்கீலு நான் வச்சுக் குடுப்பேன், மாமியாளுக்குச் சாப்பாடு நான் போட்டுருவேன். அவளுக்கு என்ன, போனா திரும்பி வந்துருவா. நீங்க அப்படியா? அண்ணனை நெனச்சுப் பாருங்க. சர்ச்சுல உங்க பேரை நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தேன் அக்கா. ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்தேன். இருந்தேன் என்று சொன்னால் நான் கொடுத்தது. என்றைக்குமே இருந்ததில்லை என்று சொன்னால் நான் ஏமாற்றினது. அன்றைக்கு மட்டும் இல்லை என்று சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை. இந்த மூன்றில் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். என் இடத்தில் உட்காராமல் சொல்வது எளிது.

லெட்டர் இதோ, ஹேண்ட்பேகில் இருக்கிறது. டென்சிங் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வரிக்கு ஒரு பிழை. அதைக் கொண்டுபோய் ஒரு அரசாங்க அதிகாரியிடம் கொடுப்பதா? நானே நல்ல காகிதத்தில் மார்ஜின் விட்டு, அழகாக எழுதினேன். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை. பேனாவை வைத்தேன், மை இறங்கவில்லை. பஸ் ஆடுகிறதே, கடையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். இல்லை, அப்போது பஸ்ஸில் இல்லை, சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். சரி, எப்படியோ. கடையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

கோமுவுக்கு என்மேல் மரியாதை உண்டு. அவள் புரிந்துகொள்வாள். ஒருவேளை ஆபீசரே அவளைப் பார்த்துப் பாவம் என்று விட்டுவிடலாம், ஏழை, படிக்காதவள். என்னையானால் படித்தவள்தானே என்று விட மாட்டார்கள். படித்ததற்கு இதுதான் கூலி.

கொஞ்சம் இருங்கள், போன். டென்சிங்தான்.

“ம். ம். வீரவநல்லூர் வந்துட்டேன்… ஆபீசர் வந்துட்டாரா? என்ன பண்ணுதார்? காப்பி குடிக்காரா… யாரு, கோமுவா? அவளை எதுக்கு விலக்குக்கு அனுப்புன? … அவகிட்ட நான் என்ன பேசப் போறேன், ஒண்ணும் பேச மாட்டேன்… சரி சரி, வை.”

கேட்டீர்களா? கோமு விலக்கில் வந்து நிற்கிறாளாம், என்னைக் கூட்டிக்கொண்டு போக. வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாளாம். மேடம் வந்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பாருங்கள், அவளுக்கு ஒரு பயமும் இல்லை. நான் ஒருத்திதான் பயந்து சாகிறேன். இது நியாயமா?

தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? ஒரு வாய் போதும்.

அதோ விலக்கு. பயணிகள் நிழற்குடைக்கு வெளியே நிற்கிறாள் பாருங்கள், பச்சைச் சேலை. கோட்டு கசங்கக் கூடாது என்று இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். பஸ் நிற்பதற்குள் ஏன் இப்படி ஓடி வருகிறாள்? ஏய், பாத்து, பாத்து வா!

“மேடம்! மேடம்! ஆவுடையம்மா தேறிட்டாவளாம்! இப்பதான் மக போன் போட்டா. காலைல கஞ்சி குடிச்சாவளாம். வாய்ப்புண்ணு ஆறிட்டு வருதாம். பேசுதாவளாம் மேடம்! நான் சொன்னேன்லா, நம்ம கடை மருந்து ஆளைக் கொல்லாதுன்னு! எறங்குங்க மேடம், ஆபீசர்கிட்டயும் சொல்லுவோம்!”

கேட்டீர்களா அக்கா? பேசுகிறாளாம்.

நல்ல செய்திதானே? நல்ல செய்திதான். நான்கூட இப்போது சிரித்தேன், பார்த்தீர்கள்தானே. கடவுளுக்கு நன்றி. கடவுளுக்கு நன்றி.

“நொச்சிக்குளம் விலக்கு எறங்கு! யாரும்மா விலக்கு? ஜன்னல் ஓரம், நீங்கதான?”

இதோ எழுந்துவிட்டேன். காலைக் கொஞ்சம் மடக்குங்கள் அக்கா. இல்லை, இருங்கள். ஒரு நிமிஷம். யார் கொடுத்தது என்று இதற்குள் கேட்டிருப்பார்கள் இல்லையா? கேட்காமலா இருப்பார்கள்? வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மா என்று சொல்லியிருப்பாள். அன்றைக்கு ஜெபம் பண்ண வந்தாளே, அவள்தான் என்று சொல்லியிருப்பாள். அப்படியானால் இந்த லெட்டர் எதற்கு? இல்லை, இன்னும் சொல்லாமல்கூட இருக்கலாம். இப்போதுதானே கஞ்சி குடித்திருக்கிறாள். கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.

“எறங்கலியாம்மா? சீக்கிரம் சொல்லுங்க!”

விசில் அடியுங்கள் கண்டக்டர். அம்பைக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள். ஆமாம், அம்பைக்குத்தான். ஏன், மனசு மாறக் கூடாதா? உங்கள் வேலையைப் பாருங்கள்.

போய்விட்டதா விலக்கு? நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நீங்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. ஓடி வருகிறாளா? பஸ்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டதே, அவள்தானா? நான் இறங்க மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள், பைத்தியக்காரி. கோட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாள்.

பார்த்தீர்களா? சொல்லுங்கள். இன்னும் சிரித்துக்கொண்டேயா ஓடி வருகிறாள்?